ஈரம் ஏறாத இடம்

ராசிங்காபுரத்தில் மழை பெய்தால் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்கள். மழை பெய்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும் என்பது, மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் முத்துப்பிரியாவுக்குத் தெரிந்தது.

மாமனார் தவசியின் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம், ஜீப் ரோடு முடிகிற இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் போக வழி கிடையாது. வீட்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தான பாறை, ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் பள்ளம். கூலியாட்கள் காலையில் கீழேயிருந்து ஜீப்பில் வந்து, பொழுது சாய்வதற்குள் அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். அதன்பின் வீட்டில் நான்கு பேர்: தவசி, அவர் மனைவி கருத்தம்மாள், மகன் பிரதீப், மருமகள் முத்துப்பிரியா. ஐந்தாவது ஆள் மூடுபனி என்று முத்துப்பிரியா நினைத்துக்கொள்வாள். யாரையும் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். காலையில் எழுந்தால் போர்வை நனைந்திருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் பஞ்சாயத்திலிருந்து ஒரு பெண் வந்து, தோட்டக்காரர்களை ஒரு கொட்டகையில் உட்கார வைத்துப் பேசினாள். பாதி மலையாளம், பாதி தமிழ். "உருள்பொட்டல் வந்தா ஓடத்தான் நேரம் கிட்டும், தேட நேரம் கிட்டாது. வேண்டியதை எல்லாம் ஒரு பையில இப்பவே எடுத்து வைங்க" என்றாள். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். முத்துப்பிரியாவுக்கு மட்டும் மண்சரிவைச் சொல்கிற அந்த உருள்பொட்டல் என்ற வார்த்தை இரண்டு நாள் காதுக்குள்ளேயே இருந்தது. மலை உருளும், பிறகு பொட்டும்.

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் வாளியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். இறுக்கமான மூடி. டார்ச், பேட்டரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, விசில், பொட்டுக்கடலை, பிஸ்கட், கயிறு என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். கருத்தம்மாள் நிலைப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"இது என்னாத்தா, நாளைக்கே எழவு விழப்போற மாதிரி மூட்டை கட்டுறவ?"

"எழவு விழாம இருக்கத்தான் அத்தே."

"நாங்க இந்த மலையில முப்பது மழை பாத்தாச்சு. அப்ப எங்களுக்கு எந்த வாளி இருந்துச்சு?"

"விடுடீ, அந்தப் பிள்ளை ஆசைக்குக் கட்டட்டும்" என்றார் தவசி. மருமகளின் பயம் அவருக்குப் பிடித்திருந்தது. தோட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம்.

வாளியில் முக்கியமான சாமான் அவருடையதுதான். தவசிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலையும் சாயங்காலமும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். வீட்டில் யாருக்காவது தினசரி மருந்து இருந்தால் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள் என்று அந்தப் பஞ்சாயத்துப் பெண் அழுத்திச் சொல்லியிருந்தாள். பிரதீப் போடியிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்தான். குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னார்கள் என்றான். மலையே குளிர்ச்சிதான், ஃபிரிட்ஜ் எதற்கு என்றார் தவசி. புட்டியையும் ஊசிகளையும், சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கான பட்டைகளையும் பழைய துண்டில் சுருட்டி வாளியின் நடுவில் வைத்தாள்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. கட்டிலுக்கு அடியில் என்றாள் முத்துப்பிரியா.

"அங்க வச்சா பத்து நாள்ல பூஞ்சை பிடிச்சிரும். கொண்டா இங்க" என்று தவசி வாளியைத் தூக்கினார். "இந்த மலையில ஈரம் ஏறாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அது ஸ்டோர். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி உலர்த்துகிற அறை. வெளியே அடுப்பில் விறகெரிய, அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். அந்தக் குடும்பம் எதையெல்லாம் ஈரத்துக்குப் பயந்து காப்பாற்ற வேண்டுமென்று நினைத்ததோ அதெல்லாம் ஸ்டோரின் பரணில்தான் இருந்தது. நிலத்துப் பத்திரம், கருத்தம்மாளின் கல்யாணப் பட்டு, பிரதீப்பின் டிகிரி சர்ட்டிபிகேட், அப்பளக்கட்டு. தவசி வாளியைப் பட்டுப்புடவைப் பெட்டிக்கு அருகில் வைத்தார். காய் எடுப்பு இன்னும் தொடங்கவில்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. அறை கிணற்றடிபோல் குளிர்ந்திருந்தது.

ஆடி பிறந்ததும் காய் பழுத்தது, ஆட்கள் வந்தார்கள், அடுப்பு பற்றியது. தட்டுகளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் எல்லோருமே அண்ணாந்து அந்த வாளியைப் பார்த்தார்கள். பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தார்கள். அங்கே வைத்த எதுவும் இதுவரை கெட்டதில்லை. பட்டுக்கும் பத்திரத்துக்கும் சூடு ஒன்றும் செய்யாது. வாளி அந்த ஜாதி இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. முத்துப்பிரியாவுக்கும் தோன்றவில்லை.

மழை வலுத்த வெள்ளிக்கிழமை, பிரதீப் உலர்ந்த காய் மூட்டைகளோடு போடியில் ஏலம் விடுகிற இடத்துக்கு இறங்கினான். அப்பாவின் மருந்து மறுநாள் காலையோடு தீர்கிறது, வரும்போது வாங்கி வருகிறேன் என்றான். ஆட்களும் அவனோடு இறங்கினார்கள். அன்று பறித்த பச்சைக்காயை மூன்று பேருமாகத் தட்டுகளில் பரப்பி, அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்தார்கள்.

விடியும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. லோடு லாரி கல்லைக் கொட்டுகிற சத்தம்போல. ஆனால் கொட்டி முடியவே இல்லை.

தவசி குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் ஜீப் ரோடு இல்லை என்றார். ஒரு வளர்ந்த தென்னையைப் படுக்கப்போடுகிற அகலத்துக்குச் சேறும் வேரும் கல்லும் பள்ளத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ஓடையும் கரைக்கு மேலே போனது, அந்த வழியாகவும் இறங்க முடியாது. கரண்ட் இல்லை.

"ரெண்டு நாள்ல மிஷின் வந்து அள்ளிரும். வெறகு இருக்கு, அரிசி இருக்கு" என்று சொல்லிவிட்டு, காலை ஊசியின் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிப் போட்டுக்கொண்டார். "சாயங்காலத்துக்கு நம்ம பிரியா வாளி இருக்கு. பாத்தியாடீ, நீ சிரிச்சியே."

கருத்தம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். முத்துப்பிரியாவுக்கு அன்று பகல் முழுக்க உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. தான் செய்த ஒன்றால்தான் இந்த வீடு இன்று பயமில்லாமல் இருக்கிறது என்று.

இருட்டத் தொடங்கியபோது ஸ்டோருக்குள் போனாள். கதவைத் திறந்ததும் ஏலவாசனையோடு வெக்கை முகத்தில் அறைந்தது. ஏணியில் ஏறிப் பரணுக்குக் கை நீட்டினாள். வாளியின் கைப்பிடிக் கம்பி சுட்டது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஏணியின் மேல் அப்படியே நின்றாள். திறந்து பார்க்க வேண்டியதே இல்லை, எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் திறக்காதவரை அது நடக்கவில்லை என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னத்தா, தூங்கிட்டியா? வெரசா வா" என்று வெளியிலிருந்து தவசி கூப்பிட்டார்.

வீட்டுக்குள் வைத்து மூடியைத் திறந்தார்கள். மெழுகுவத்திகள் உருகி, பிஸ்கட் பொட்டலங்களுக்கு நடுவே ஓடி, வாளியின் அடியில் பாலாடைபோல் படிந்திருந்தன. திரிகள் மட்டும் புழுக்கள்போல் நெளிந்து கிடந்தன. பேட்டரி ஒன்று வீங்கிக் கசிந்திருந்தது. துண்டைப் பிரித்தாள். புட்டியில் விரிசல் இல்லை. கையில் வைத்தால் இளஞ்சூடு, முட்டையிடும் கோழியின் வயிற்றைத் தொட்டதுபோல்.

"உடையலயே, அப்பறம் என்ன?" என்றாள் கருத்தம்மாள்.

முத்துப்பிரியா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பாறை மேட்டுக்கு ஓடினாள். பிரதீப் போடியில் இருந்தான். மெயின் ரோட்டிலும் மண் விழுந்து, மலையடிவாரத்து முந்தலில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்றான். அவள் வாளி இருந்த இடத்தைச் சொன்னாள்.

"நானும்தான் பாத்தேன். தெனம் பாத்தேன்" என்றான் பிரதீப்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு அவன் திரும்பக் கூப்பிடும்வரை பாறையிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெள்ளை. தோட்டம் தெரியவில்லை, வீடு தெரியவில்லை. ஒரு டம்ளர் பாலுக்குள் விழுந்த எறும்புக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். எந்தப் பக்கம் நீந்தினாலும் பால்தான்.

போன் அதிர்ந்தது. "அந்த மருந்தைத் தொடாதீங்கன்னுட்டார். சூடு பட்டதுல எவ்வளவு வீரியம் மிச்சம் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். நெறையத் தண்ணி குடுங்க. சோறு, கஞ்சி கொறைங்க. நான் எப்படியாச்சும் வந்துர்றேன்."

அவள் வந்து சொன்னதும் தவசி புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ விலை பேசுவதுபோல் சொன்னார்:

"பாதி செத்துருக்கும், பாதி உசுரோட இருக்கும். அப்ப ரெண்டு பங்கு போட்டா சரியாப் போச்சுல்ல?"

"அதானே" என்றாள் கருத்தம்மாள்.

"பாதி சாகலைன்னா மாமா? ரெண்டு பங்கும் வேலை செஞ்சா, சுகர் அடியோட எறங்கி..." என்றாள் முத்துப்பிரியா.

"அப்ப ஒண்ணுமே போடாமச் சாகட்டுங்கிறியா?" என்றாள் கருத்தம்மாள்.

"அத்தே!"

"சும்மா இருங்க ரெண்டு பேரும். காலையில பாப்போம்" என்று தவசி அடுப்புக்கு விறகு தள்ளப் போனார். தட்டில் இருந்த காய் பாதிதான் உலர்ந்திருந்தது. நெருப்பு விட்டால் கறுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தாகம் அடங்கவில்லை. செம்பு செம்பாகக் குடித்தார், அடிக்கடி வெளியே போய்வந்தார். மதியத்துக்குமேல் நடை தள்ளாடியது. சாயங்காலம் விறகை அடுப்பு வாயில் வைக்காமல் பக்கத்து மண்ணில் அடுக்கிக்கொண்டிருந்தார். மழை நிற்கவில்லை. கதவைத் திறந்தால் வெளியே இன்னொரு சுவர்போல் பனி நின்றது. அதைத் தாண்டி எங்கோ, சரிந்த மண் இன்னும் கொஞ்சம் சரிகிற ஓசை வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை விடிந்து அவள் அடுப்படியிலிருந்து வந்தபோது, கருத்தம்மாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி நிறைய மருந்து. கட்டிலில் தவசி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் ம் என்றார், அவ்வளவுதான்.

"அத்தே, அதைக் கீழ வைங்க."

"வெலகிப் போ. உனக்கு மாமா. எனக்குப் புருசன்."

"டாக்டர் வேணாம்னாரு."

"அந்த டாக்டரு வந்து பாத்தானா? நான்தானே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன்! வாளி கட்டுனவ நீ. எல்லாத்தையும் கட்டித் தூக்கி நெருப்புல வச்சுப்புட்டு இப்ப எனக்குப் புத்தி சொல்றியா?"

அந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தோம் என்று முத்துப்பிரியாவுக்குத் தோன்றியது. வந்துவிட்டபோது வலிக்கவில்லை. மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து ஊசியைப் பிடுங்கினாள். ஜன்னல் விளிம்பில் இருந்த புட்டியையும் எடுத்தாள். வாசலைத் தாண்டி ஓடி, இரண்டையும் பள்ளத்தை நோக்கி வீசினாள். பனிக்குள் அவை விழுந்த சத்தம்கூட வரவில்லை.

திரும்பியபோது கருத்தம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. சும்மா பார்த்தாள். வீட்டில் மருந்து என்று பெயர் சொல்ல இருந்தது அது ஒன்றுதான். இனி பிரதீப் வராவிட்டால், அதை வீசிய கை அவளுடையது.

அப்போது வளைவின் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, நீளமாக.

இருவரும் ஒரே நேரத்தில் தவசியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து கால்களைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார். "அடுப்பு... காய்..." என்றார். தனியாக விட்டால் பள்ளத்துக்குள் நடந்துவிடுவார். முத்துப்பிரியா அவரைப் படுக்க வைத்து, வெளியே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளிருந்து அவர் ஒருமுறை கதவைத் தட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கருத்தம்மாள் பின்னாலேயே வந்தாள்.

சேற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தாழ்வில், மெயின் ரோட்டில் மண்ணை அள்ளி வழி விட்டதும் ஏறி வந்த பால்ராஜின் ஜீப் நின்றது. தினமும் ஆட்களை ஏற்றிவருகிற அதே ஜீப். பிரதீப் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. அதைச் சாக்கால் சுற்றி, சாக்குத் தைக்கிற நைலான் நூலால் கட்டியிருந்தான்.

"கிட்ட வராத பிரியா! ஓரம் எளகிருக்கு!"

நூல்கண்டின் நுனியில் கல்லைக் கட்டி எறிந்தான். மேட்டை நோக்கி எறிய வேண்டியிருந்ததால் கல் பாதியிலேயே சேற்றில் விழுந்தது. பால்ராஜ் வாங்கி எறிந்தார். அதுவும் விழுந்தது.

"மாப்ளே, இந்தக் கையி ஸ்டீரிங் பிடிக்க மட்டுந்தான் ஆகும்போல" என்று பால்ராஜ் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

கருத்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த கவணை உருவினாள். காய்க்காலத்தில் குரங்கு விரட்டுகிறவள் அவள்தான். "மேலயிருந்து கீழ எறியிறதுதான் லேசு. ஏய் பிள்ளே, வீட்டுல நூல்கண்டு இருக்குல்ல? கொண்டா."

மூன்று நாளில் மாமியார் முதல்முறையாகத் தன்னிடம் ஒரு வேலை சொல்கிறாள் என்பது, ஓடிப்போய் எடுத்துவந்த பிறகுதான் முத்துப்பிரியாவுக்கு உறைத்தது. கருத்தம்மாள் கல்லில் நூலைக் கட்டி, கவணில் வைத்து, தலைக்குமேல் சுழற்றினாள். கல் சேற்றைத் தாண்டி ஜீப்பின் முன்கண்ணாடியில் படீரென்று விழுந்தது.

"பெரியம்மா! குரங்குன்னு நெனச்சிட்டியா!" என்று பால்ராஜ் அலறினார்.

பிரதீப் அந்த நூலோடு தன் நூலையும் முடிந்து, முடிச்சில் ஃபிளாஸ்க்கைக் கட்டினான். தன் நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு, நூல் சேற்றில் படாமலிருக்க ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்றான். முத்துப்பிரியா இழுத்தாள். அவன் விட்டுக்கொடுத்தான். ஃபிளாஸ்க் காற்றில் ஆடியபடி வந்தது. பாதி தூரத்தில், சேற்றுக்குள்ளிருந்து கையைப்போல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரவேரில் சிக்கி நின்றது.

அவள் இழுத்தாள். வரவில்லை.

"பலமா இழுக்காத, அறுந்துரும்" என்று காதருகில் கருத்தம்மாளின் குரல். பின்னாலிருந்து அவள் கைகள் வந்து மருமகளின் கைகளுக்கு மேல் நூலைப் பிடித்தன. ஈரமான, முரட்டுக் கைகள். "விடு. கொஞ்சம் விடு. இப்பச் சுண்டு."

இருவரும் சேர்ந்து சுண்டினார்கள். வேர் விட்டது.

ஃபிளாஸ்க்குக்குள் ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் உறையில் புட்டி இருந்தது. புதுப் பட்டைகளும், டாக்டர் எழுதிய அளவும் இருந்தன. வீட்டுக்கு ஓடிவந்து தாழ்ப்பாளைத் திறந்தபோது தவசி கதவருகே தரையில் சரிந்து கிடந்தார். மெஷின் எண்ணே காட்டவில்லை. சர்க்கரை அதன் அளவுக்கு மேலே போயிருந்தது. டாக்டர் எழுதிய அளவைக் கருத்தம்மாள் இரண்டு தடவை படித்துக்காட்டச் சொன்னாள். பிறகு தானே அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முத்துப்பிரியா ஊசி போட்டாள்.

பகலெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள். சாயங்காலம் இன்னொரு ஊசி. ஸ்டோர் அடுப்பு எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காய் தட்டுகளில் கறுத்துப் புளித்தது. இரண்டு பெண்களும் கட்டிலின் இருபக்கமும் உட்கார்ந்து அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் விழித்தாள்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. வளைவில் ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. பிரதீப் கூரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்துப்பிரியா சேற்றின் ஓரத்துக்கு வந்து, மெஷினில் வந்த எண்ணைக் கத்தினாள். ஓடைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

"என்னாது?"

அவள் மறுபடி கத்தினாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. பிரதீப் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவள் அழுவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

பின்னாலிருந்து வந்த கருத்தம்மாள் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் வாயில் குவித்தாள். குரங்குகள் பாறைக்கு ஓடுகிற குரல் அது.

"டேய்! உங்கப்பன் சீனி போட்டு டீ கேக்குறாருடா! குடுக்க மாட்டேன்னதுக்கு என்னைய வையிறாருடா!"

பிரதீப் ஜீப்பின் கூரையில் பொத்தென்று உட்கார்ந்தான். பால்ராஜ் உள்ளே கை விட்டு ஹாரனை அழுத்தி, எடுக்கவே இல்லை.